பனிக்கடலில் ஒரு குடித்தனம்

துருவக் கடல்களில் பாய்மரப் படகு செலுத்தியவர்களைப் பற்றி எழுதப்படுவன எல்லாம் பெரும்பாலும் புறப்பாட்டையும் பேரிடரையும் தப்பிப் பிழைத்தலையுமே சுற்றிச் சுற்றி வருகின்றன. போன கடலிலேயே நங்கூரமிட்டு, குளிர்காலம் முழுவதும் உறைபனிக்குள் படகை நிறுத்தி, அதையே வீடாக்கிக்கொண்டு வாழ்ந்த மிகச் சிலரைப் பற்றிய செய்திகளோ அந்த ஆரவாரத்துக்கு நடுவே அடிக்குறிப்புகளாக ஒதுங்கிவிடுகின்றன. அந்தச் சிலருள் கணவன் மனைவியராகச் சென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தார்கள் என்பதும், வேறு வேலையின்றிக் கிடந்த நாள்களில் அவர்கள் எண்ணிக் குறித்துவைத்த பறவைக் கணக்குகளும் பனிக் கணக்குகளும் இன்றைய துருவ அறிவியலின் அடித்தரவுகளுள் இடம்பெற்றுள்ளன என்பதும் துருவ வரலாற்றின் கவனிக்கத்தக்க பகுதியாகும். சாகசம் என்ற பெயரில் கொண்டாடப்படும் பயணங்கள் உலகுக்கு என்ன கொடுத்தன என்ற கேள்விக்கு, போய்த் திரும்பியவர்களைவிடத் தங்கியிருந்தவர்களே தெளிவான பதில் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மிகச் சிறந்த சான்று, பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் போன்ஸேயும் ஆஸ்திரேலியரான அவருடைய மனைவி சாலி போன்ஸேயும் ‘தாமியேன்-2’ என்ற எஃகுப் படகில் 1978-ஆம் ஆண்டின் தென்துருவக் குளிர்காலத்தைக் கழித்த நிகழ்வு. அவர்கள் தங்கிய இடம் அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், தென் அகலாங்கு 67 பாகை 46 கலையில், அடிலெய்டு தீவின் தென்முனையை ஒட்டிக் கிடக்கும் ஏவியன் தீவு. அது மார்கரித் விரிகுடா எனப்படும் அகன்ற கடற்பரப்பின் வடமேற்கு ஓரத்தில் உள்ளது. ஒரு நாளேனும் சூரியன் உதிக்காத இடங்களின் எல்லையாகக் கொள்ளப்படும் அண்டார்க்டிக வட்டத்துக்கு அது தெற்கே இருப்பதால், ஜூன் மாதத்தை ஒட்டிச் சில வாரங்கள் அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை.

மூன்று மணவாழ்க்கைகள் கண்ட விரிகுடா

மார்கரித் விரிகுடாவின் பெயரிலேயே ஒரு குடும்பக் கதை இருக்கிறது. அதைக் கண்டறிந்து 1909-இல் பெயரிட்டவர் மருத்துவராக இருந்து கடலோடியான பிரெஞ்சு நாட்டவர் ழான்-பாப்திஸ்த் ஷார்கோ. எழுத்தாளர் விக்தோர் ஹியூகோவின் பேத்தியான ழான் ஹியூகோ அவருடைய முதல் மனைவி. கணவர் தம்மைக் கைவிட்டுத் துருவத்துக்குப் போய்விட்டார் என்ற காரணத்தைக் காட்டி, ஷார்கோ தமது முதல் அண்டார்க்டிகப் பயணத்தை முடித்துத் திரும்பிய 1905-இல் அவர் மணமுறிவு பெற்றார். அடுத்து ஷார்கோ மணந்துகொண்ட மார்கரித் கிளேரி, கணவரின் பயணங்களுக்குக் குறுக்கே நிற்காதவர்; அந்த இரண்டாம் மனைவியின் பெயரே, அவர் ஒருநாளும் கண்ணால் காணாத அந்த விரிகுடாவுக்கு இடப்பட்டது. பெண்கள் கரையில் காத்திருக்க அவர்களின் பெயர்கள் மட்டும் வரைபடத்தில் ஏறிக்கொண்ட காலம் அது. இந்தத் தீபகற்பத்தின் மிகப் பரவலான பறவைகளுள் ஒன்றான அடேலி பென்குவினும், 1840-இல் இன்னொரு பிரெஞ்சுக் கடலோடியான துய்மோன் தூர்வில் தம் மனைவி அடேலின் பெயரால் அழைத்த நிலப்பகுதியிலிருந்தே தன் பெயரைப் பெற்றது.

பெண்கள் நேரில் வந்தபோதும் அந்த விரிகுடா அமைதியான இல்லறத்தைக் காணவில்லை. 1947-48-இல் அமெரிக்கரான ஃபின் ரோன் தலைமையில் வந்த தனியார் ஆய்வுக்குழு, விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்டோனிங்டன் தீவில் குளிர்காலத்தைக் கழித்தது; தலைவரின் மனைவி எடித் ரோனும் விமானியின் மனைவி ஜெனி டார்லிங்டனும் சிலி நாட்டுத் துறைமுகமான வால்பரைசோவில் கடைசி நேரத்தில் குழுவுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டு, அண்டார்க்டிகக் குளிர்காலத்தைக் கழித்த முதல் பெண்கள் ஆனார்கள். ஆனால் தலைவருக்கும் விமானிக்கும் மூண்ட பூசல் மனைவியர் வரை பரவி, ஓராண்டு முடியும் தறுவாயில் அந்த இரு பெண்களுக்கும் இடையே பேச்சே அருகிப்போனது. உலகத்தின் கடைசி ஓரத்தில் இருந்த இரண்டே பெண்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள் என்பது, அந்தச் சூழலில் மனித உறவு எவ்வளவு விரைவில் இறுகிப்போகிறது என்பதற்குப் போதுமான சான்று.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே விரிகுடாவின் மறு ஓரத்தில் போன்ஸே தம்பதியர் தங்கியபோது, அவர்களுக்குக் கீழ்ப்படியத் தலைவரும் இல்லை, பங்குபோட்டுக்கொள்ள அணிகளும் இல்லை. அடிலெய்டு தீவில் இருந்த பிரித்தானிய ஆய்வு நிலையம் அதற்கு முந்தைய ஆண்டுதான் மூடப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் தொலைபேசி இல்லாத அந்தக் காலத்தில், வெளியுலகத்தோடு தொடர்புகொள்ளச் சிற்றலை வானொலியும், இடத்தைக் கணிக்கச் சூரியனையும் விண்மீன்களையும் அளக்கும் கோணமானியுமே கருவிகளாக இருந்தன.

தாமியேன் என்னும் பள்ளிக்கூடம்

இவ்வளவு துணிவான ஏற்பாடு திடீரென முளைத்ததன்று. ஜெரோம் போன்ஸே தம் நண்பர் ஜெரார் ஜானிஷோனுடன் 1969-இல் லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து ‘தாமியேன்’ என்ற பத்து மீட்டர் நீள மரப்படகில் கிளம்பி, 1973 வரை ஏறத்தாழ 55,000 கடல் மைல் சுற்றியவர். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக் கடலையும் தெற்கே அண்டார்க்டிகத் தீபகற்பத்தையும் ஒரே பயணத்தில் கண்ட அந்தப் படகு, 1971-இல் தென் ஜார்ஜியாத் தீவை நெருங்கும் வழியில் புயலில் சிக்கித் தலைகீழாகக் கவிழ்ந்து, பின்னர் நிமிர்ந்து, பாய்மரம் முறிந்த நிலையில் தட்டுத்தடுமாறித் தீவை அடைந்தது. அந்த அனுபவம் கற்பித்த பாடங்கள் அனைத்தும் இரண்டாவது படகின் கட்டமைப்பில் தெரிகின்றன.

‘தாமியேன்-2’ சுமார் 15 மீட்டர் நீளமும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட, ஸ்கூனர் வகையைச் சேர்ந்த எஃகுப் படகு. வடிவமைத்தவர் மிஷேல் ஜூபேர். அதன் தனிச்சிறப்பு, ஏரா எனப்படும் அடிப்பகுதியைத் தேவைக்கேற்ப மேலே தூக்கிக்கொள்ள முடியும் என்பதே. பாய்மரப் படகு காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்கவும், பக்கவாட்டில் நழுவாமல் நேராகச் செல்லவும் ஆழமான, கனமான ஏரா வேண்டும். ஆனால் துருவக் கரையோரத்தில் பாதுகாப்பு என்பது ஆழம் குறைந்த நீரில்தான் கிடைக்கும். பனிப்பாறையின் உடலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மூழ்கியிருப்பதால், ஆழமற்ற ஓடைக்குள் அது நுழைய முற்பட்டால் வாயிலிலேயே தரைதட்டி நின்றுவிடும். ஏராவைத் தூக்கிக்கொண்டு அத்தகைய ஓடைக்குள் புகுந்துவிடும் படகு, கடலில் உலவும் பாரிய பனிப்பாறைகளின் மோதலிலிருந்து தப்பிக்கொள்கிறது.

தனியொருவராகவோ சிறு குழுவாகவோ பனிக்கடலுக்குச் செல்லும் வழக்கம் அன்றைக்குப் புதிதன்று. நியூசிலாந்தில் வளர்ந்த டேவிட் லூயிஸ் 1972-இல் ‘ஐஸ் பேர்ட்’ என்ற சிறு படகில் தனியாகவே புறப்பட்டு அண்டார்க்டிகாவை அடைந்திருந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற மலையேறியும் கடலோடியுமான பில் டில்மன், எண்பதை நெருங்கிய வயதில் 1977-இல் ‘ஆன் அவான்’ என்ற படகில் ஃபாக்லாந்து தீவுகளை நோக்கிச் சென்றபோது படகோடும் தோழர்களோடும் காணாமற்போனார். அந்த இழப்பு நடந்த சில மாதங்களில் இரண்டு பேர் மட்டும் அதற்கும் தெற்கே சென்று குளிர்காலம் முழுதும் தங்க முடிவெடுத்தார்கள் என்பதை வீரமாகவோ பிடிவாதமாகவோ வகைப்படுத்துவது வாசகரின் விருப்பம். முன்னேற்பாடுகளைப் பார்க்கும்போது அது கணக்கிட்டு எடுத்த முடிவு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

உறையும் கடலில் படகு நிற்பது எப்படி

கடல்நீர் உப்புக் கலந்தது என்பதால் சுழியம் பாகையில் உறைவதில்லை. சுமார் மைனஸ் 1.8 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்த பின்னரே அது கட்டியாகத் தொடங்குகிறது. முதலில் நுண்ணிய ஊசிப் படிகங்கள் நீரின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம்போல் மங்கிப் பரவுகின்றன. அலையிருந்தால் அவை ஒன்றோடொன்று உரசி வட்டவட்டமாகத் திரண்டு, ஓரம் தடித்த தோசைகளாக மிதக்கின்றன. அலை அடங்கியதும் அந்த வட்டங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகின்றன. உறையும்போது உப்பின் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டு, அடர்ந்த உப்புநீராகக் கீழே இறங்குகிறது. இந்த இறக்கமே உலகப் பெருங்கடல்களின் ஆழ்நீர் ஓட்டத்தை நடத்தும் விசைகளுள் ஒன்று என்பதால், கரையோரத்தில் நிகழும் சாதாரண உறைதலுக்கும் உலகளாவிய தட்பவெப்பத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

படகுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு வகைப் பனியை வேறுபடுத்த வேண்டும். காற்றாலும் நீரோட்டத்தாலும் இடைவிடாது நகர்ந்துகொண்டே இருக்கும் மிதவைப்பனி, பாளத்தின்மேல் பாளம் ஏறி நெரிக்கும் இயல்புடையது. எர்னஸ்ட் ஷேக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் 1915-இல் வெடெல் கடலில் நொறுங்கியது இத்தகைய பனியில்தான், அதன் சிதைவு 2022-இல் சுமார் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கு மாறாக, ஒதுக்கமான ஓடைகளில் கரையைப் பற்றிக்கொண்டு உறையும் நிலைப்பனி நகர்வதில்லை; அது படகைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறதே தவிர நசுக்குவதில்லை. ஆகவே குளிர்காலத் தங்கலின் முழு வெற்றியும் இடத்தேர்விலேயே அடங்கியிருக்கிறது: பெருங்கடலின் அலை எட்டாத, பனியாற்றின் முகத்திலிருந்து விலகிய, பனிப்பாறை நுழைய முடியாத ஆழமுள்ள ஓடையைக் கோடைக்காலத்திலேயே தேடி, அணியத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் கரைப்பாறைகளுக்குக் கயிறு கட்டி, கடல் உறையும்வரை காத்திருக்க வேண்டும்.

உறைந்துவிட்ட பிறகு படகு மிகவும் அமைதியான இடமாகிவிடுகிறது. தொல்லை அதன் பிறகு உள்ளேயிருந்து வருகிறது. இரண்டு பேரின் மூச்சும் சமையலின் ஆவியும் குளிர்ந்த எஃகுச் சுவரில் படிந்து நீராகி, நீர் பனியாகி, மெத்தையின் அடியிலும் துணிமணிகளின் இடையிலும் உறைந்துகொள்கிறது. இதைத் தடுக்க உட்சுவர் முழுவதும் காப்புப் பொருள் பூச வேண்டும்; டீசல் அடுப்பு ஓயாமல் எரிய வேண்டும்; எரியும் அடுப்பிலிருந்து மணமற்ற நச்சான கார்பன் மோனாக்சைடு தேங்காமலிருக்கக் காற்றோட்டமும் வேண்டும். காற்றோட்டம் வைத்தால் வெப்பம் போகிறது, அடைத்தால் உயிர் போகிறது என்ற இந்த இழுபறியைத் தினந்தோறும் சரிக்கட்டுவதே துருவப் படகு வாழ்வின் முதல் வீட்டுவேலை. குடிநீருக்குக் கரையிலுள்ள பனியையோ பனியாற்றுக் கட்டியையோ உருக்க வேண்டும், அதற்கும் எரிபொருள் செலவாகிறது. இத்தனைக்கும் நடுவே, பொறுமையிழந்தவர் எழுந்துபோக வேறு அறை இல்லை. துருவப் படகில் இரண்டு பேர் ஒத்துப்போவதென்பது மனப்பான்மை என்பதைவிடப் பாதுகாப்பு ஏற்பாடு என்றே சொல்லத் தக்கது.

எண்ணிக்கை என்னும் பயிற்சி

ஏவியன் தீவு தன் பெயருக்கேற்பப் பறவைகளின் தீவு. வசந்தம் தொடங்கி அடேலி பென்குவின்கள் கடற்பனியின் மேல் நடந்து கூடடைய வந்தபோது, போன்ஸே தம்பதியர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். கப்பலில் வரும் ஆய்வாளர் எவருக்கும் அந்த நேரத்தில் அந்த இடத்தை அடைவது எளிதாக இருந்திருக்காது, ஏனெனில் கப்பல்களுக்கு வழிவிடும் அளவுக்குப் பனி உடைவதற்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருந்தது. 1978 நவம்பரில் அவர்கள் எடுத்த கணக்கின்படி அந்தச் சிறு தீவில் சுமார் 36,500 இணைகள் கூடு கட்டியிருந்தன. இணை என்பதே இத்தகைய கணக்கெடுப்பின் அலகு. கூட்டில் ஒரு பறவை அடைகாத்திருக்க மற்றது கடலுக்கு இரைதேடச் சென்றிருக்கும் என்பதால், தலைகளை எண்ணினால் கிடைக்கும் தொகை நம்பத்தக்கதன்று, கூடுகளை எண்ணுவதே முறை.

தனித்து நின்றால் அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. பின்வந்த எண்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது. ஏவியன் தீவுக்கு வடக்கே, அன்வர்ஸ் தீவை ஒட்டிய அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையத்தின் சுற்றுப்புறத் திட்டுகளில் 1970-களின் நடுவில் சுமார் 15,000 இணைகளாக இருந்த அடேலி பென்குவின்கள், அடுத்த சில பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தன. தீபகற்பத்தின் மேற்குக் கரை வெப்பமடைந்து, குளிர்காலக் கடற்பனி நீடிக்கும் காலம் குறைந்ததே இதற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம். கடற்பனியின் விளிம்பைச் சார்ந்து குளிர்காலத்தைக் கழிக்கும் அடேலி, அந்தப் பனி இல்லாத கடலில் தடுமாறுகிறது, பனியை அவ்வளவாகச் சாராத ஜென்டூ பென்குவின் அந்த வெற்றிடத்தில் தெற்கு நோக்கிப் பரவுகிறது. ஆனால் பனி இன்னும் நிலைத்திருந்த தெற்கே, ஏவியன் தீவில் 2013-இல் எடுக்கப்பட்ட கணக்கு பழைய தொகையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. வடக்கில் வீழ்ச்சியும் தெற்கில் பெருக்கமும் ஒரே இனத்துக்கு ஒரே கரையில் நிகழ்ந்தன என்ற முடிவுக்கு வர, 1978-இல் உறைபனிக்குள் நின்ற படகிலிருந்து இறங்கி யாரோ எண்ணியிருக்க வேண்டும்.

குளிர்காலம் முடிந்து தென் ஜார்ஜியாவுக்குச் சென்ற தம்பதியருக்கு 1979-இல் அங்கேயே முதல் மகன் பிறந்தான். பின்னர் பிறந்த இருவரையும் சேர்த்து மூன்று மகன்களும் படகிலும் ஃபாக்லாந்து தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்திலுள்ள பீவர் தீவிலும் வளர்ந்தார்கள். குடும்பம் பெருகியதால் பயணம் குறையவில்லை. 1983 முதல் 1987 வரை தீபகற்பத்தின் நெடுகிலும் ‘தாமியேன்-2’ சென்று வந்ததன் பயனாகப் பென்குவின் தொகைக் கணக்கெடுப்பு ஒன்றை இருவரும் இணைந்து பிரித்தானிய அண்டார்க்டிக ஆய்வகத்தின் இதழில் 1987-இல் வெளியிட்டார்கள். ஆய்வுக் கப்பல்கள் நிலையத்திலிருந்து நிலையத்துக்குச் செல்லும் வழியில் தென்படும் இடங்களை மட்டும் பார்த்துச் சென்றபோது, ஏராவைத் தூக்கிக்கொண்டு எந்த ஓடைக்குள்ளும் புகக்கூடிய படகு, அவை எட்டாத திட்டுகளையும் கணக்கில் சேர்த்தது. பிற்காலத்தில் தீபகற்பத்தின் பறவைத் தொகையை ஆராய்ந்தவர்கள் அந்தப் பட்டியலை மீண்டும் மீண்டும் எடுத்தாளுகிறார்கள்.

தென் ஜார்ஜியாவின் ஆல்பட்ராஸ்கள்

சாலி போன்ஸேயின் பங்களிப்பு மிக ஆழமாகப் பதிந்தது தென் ஜார்ஜியாவில். சுமார் 170 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மலைத்தீவில் 1904 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை திமிங்கில வேட்டை நடந்தது. வேட்டை நிலையங்கள் கைவிடப்பட்டுத் துருப்பிடித்த பின்னர் அங்கே வந்த படகுக் குடும்பங்களுக்குத் தீவின் வனவுயிர்கள் மீண்டெழும் காட்சியும், வேறு சில உயிர்கள் வேறு காரணத்தால் அருகும் காட்சியும் ஒருசேரக் கிடைத்தன. மூன்றரை மீட்டர் வரை சிறகு விரியும் நாடோடி ஆல்பட்ராஸ், உலகின் மிக நீண்ட சிறகுடைய பறவை. ஒரு முட்டை மட்டும் இட்டு, அடைகாத்துக் குஞ்சை வளர்த்தெடுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆவதால், வெற்றிகரமாகக் குஞ்சு வளர்த்த இணை அடுத்த ஆண்டு கூடு கட்டுவதில்லை. இவ்வளவு மெதுவாகப் பெருகும் பறவையின் தொகையில் சிறு இழப்பும் பல பத்தாண்டுகள் எதிரொலிக்கும்.

2003-04 பருவத்தில் சாலி முன்னின்று நடத்திய முழுமையான கணக்கெடுப்பு தென் ஜார்ஜியாவில் 1,553 இணை நாடோடி ஆல்பட்ராஸ்கள் இருப்பதைக் காட்டியது. 1984-ஆம் ஆண்டின் கணக்கோடு ஒப்பிட இது 30 விழுக்காட்டுக் குறைவு. 2014-15-இல் திரும்பவும் எண்ணியபோது அதிலும் 18 விழுக்காடு குறைந்திருந்தது, சாம்பல்தலை ஆல்பட்ராஸின் வீழ்ச்சியோ 43 விழுக்காடு. காரணம் நிலத்தில் இல்லை, கடலில் இருக்கிறது. பல்லாயிரம் கொக்கிகளில் இரை கோத்துக் கடலில் விடும் ஆயிரங்கால் தூண்டிலின் இரையைக் கொத்த இறங்கும் ஆல்பட்ராஸ், கொக்கியில் மாட்டி நீரில் மூழ்கிச் சாகிறது. தென் ஜார்ஜியாக் கடலில் குளிர்காலத்தில் மட்டும் மீன்பிடிக்கவும், இருட்டிய பின்னரே தூண்டில் விடவும் விதிகள் வந்த பிறகு அந்தக் கடலில் பறவைச் சாவு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆயினும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இரைதேடிப் பறக்கும் பறவை, அந்த விதிகள் செல்லாத வேறு கடல்களில் போய் மாட்டிக்கொள்கிறது. விதி போட்டாயிற்று என்று நிம்மதியடைந்தவர்களுக்கு இரண்டாவது கணக்கெடுப்பு தந்த பதில் அது.

இதே தீவில் டிம் கார், பாலின் கார் என்ற இங்கிலாந்துத் தம்பதியர் 1992 முதல் பல ஆண்டுகள் தங்கியிருந்தார்கள். 1898-இல் கட்டப்பட்ட, 28 அடி நீளமுள்ள, இயந்திரமே பொருத்தப்படாத ‘கர்லூ’ என்ற பழைய மரப்படகில் உலகின் பல கடல்களைச் சுற்றிய பின்னர் அங்கே வந்த அவர்கள், கிரிட்விகன் வேட்டை நிலையத்தில் உருவான அருங்காட்சியகத்தைப் பேணி வளர்த்தார்கள். இயந்திரமின்றித் துருவக் கரையோரத்தில் படகு செலுத்துவது பெருமைக்குரிய திறமைதான்; எனினும் மற்றவர்கள் அதைப் பின்பற்ற முயல்வது அறிவுடைமை ஆகாது.

வடக்கே ஒரு வேறுபாடு

வடதுருவக் கடலில் போன்ஸே தம்பதியருக்கு இணையாக வைத்துப் பேசத்தக்கவர்கள் பிரான்சைச் சேர்ந்த எரிக் புரோசியேயும் அவருடைய மனைவியும் ஓவியருமான ஃபிரான்ஸ் பின்சோன் து செல்லும் ஆவர். அவர்களுடைய எஃகுப் படகான ‘வகபோன்’ 15 மீட்டரை ஒட்டிய நீளமுடையது. எரிக்கின் தலைமையில் அது 2002 கோடையில் ருசியாவின் வடகரையை ஒட்டிய வடகிழக்கு வழியையும், 2003 கோடையில் கனடாவின் தீவுகளுக்கிடையேயான வடமேற்கு வழியையும் கடந்து ஆர்க்டிக் கடலைச் சுற்றி வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நார்வேக் கடலோடி அமுண்ட்சென் வடமேற்கு வழியைக் கடக்க 1903 முதல் 1906 வரை ஆயிற்று என்பதை நினைத்தால், இந்த வேகம் மாலுமியின் திறமையை மட்டும் காட்டவில்லை, பனி விலகியதையும் காட்டுகிறது.

அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகே அவர்களின் உண்மையான பணி தொடங்கிற்று. 2004 முதல் 2009 வரை ஐந்து குளிர்காலங்கள் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கிழக்குக் கரையில், வட அகலாங்கு 78 பாகையை ஒட்டிய இங்கிள்ஃபீல்ட் விரிகுடாவில் ‘வகபோன்’ உறைந்து நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘தமோக்ளேஸ்’ என்ற ஆர்க்டிக் ஆய்வுத் திட்டத்துக்காகப் பனியில் துளையிட்டு அதன் தடிமனையும், அடியிலுள்ள நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் தவறாமல் அளந்து அனுப்பியது இந்தக் குடும்பம். அதே திட்டத்தின் இன்னொரு கலமான 36 மீட்டர் ‘தாரா’, ஃபிரிட்யோஃப் நான்சென்னின் ‘ஃபிராம்’ கப்பலைப்போல மிதவைப்பனியில் தன்னை உறையவிட்டு, 2006 செப்டம்பர் முதல் 507 நாள்கள் ஆர்க்டிக் கடலின் குறுக்கே மிதந்து சென்றது. 1893 முதல் 1896 வரை மூன்றாண்டு எடுத்துக்கொண்ட ‘ஃபிராமை’விட இது எவ்வளவோ விரைவு. 2007 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியது. அந்த ஆண்டில் பனியின்மீதே குடியிருந்து அளவெடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

தெற்குக்கும் வடக்குக்கும் உள்ள பெரிய வேறுபாடுகள் இரண்டு. முதலாவது, வெண்கரடி. அண்டார்க்டிகாவில் மனிதனை வேட்டையாடும் நிலவிலங்கு இல்லை. ஸ்பிட்ஸ்பெர்கனிலோ, குடியிருப்புகளுக்கு வெளியே செல்பவர் கரடியை விரட்டும் கருவியுடன் செல்ல வேண்டும் என்பது சட்டம். உறைந்த படகு கரடிக்கு மேட்டுத்திட்டு மாதிரிதான். அது நேராக ஏறி வந்துவிடும். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு இத்தகைய இடத்தில் காவலிருப்பது எவ்வளவு சலிப்பும் விழிப்பும் ஒருங்கே கோரும் வேலை என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இரண்டாவது வேறுபாடு, வடக்கில் மக்கள் இருக்கிறார்கள். 2011-இல் ‘வகபோன்’ கனடாவின் எல்ஸ்மியர் தீவிலுள்ள கிரீஸ் ஃபியார்டுக்கு வந்து, இரண்டு மகள்களுடன் அந்தக் குடும்பம் அங்கே குளிர்காலங்களைக் கழித்தது. நூற்றைம்பதுக்கும் குறைவான இனுயிட் மக்கள் வாழும் அந்த ஊர், கனடாவின் வடகோடியிலுள்ள குடிமக்கள் குடியிருப்பு. அதன் தோற்றக் கதை இனியதன்று: 1953-இல் கனடிய அரசு, தெற்கே இனுக்ஜுவாக்கிலிருந்த இனுயிட் குடும்பங்களை நல்ல வேட்டை கிடைக்கும் என்று சொல்லிக் கப்பலேற்றி, அவர்களுக்குப் பழக்கமில்லாத இருளும் குளிரும் நிறைந்த இந்த வடகோடியில் இறக்கிவிட்டது. ஆர்க்டிக் தீவுகளின்மீது நாட்டின் உரிமையை நிலைநாட்டுவதற்காக மனிதர்களைக் கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நீடித்து, 2010-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. விரும்பி வந்து உறைபனியில் குடியிருக்கும் படகுக் குடும்பத்தைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும், அதே பனியில் விரும்பாமல் குடியேற்றப்பட்டவர்களைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. படகுக்காரர் எப்போது வேண்டுமானாலும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். இறக்கிவிடப்பட்ட குடும்பங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இன்றைய நிலை

போன்ஸே தம்பதியர் காலத்துச் சுதந்திரம் இன்று அண்டார்க்டிகாவில் இல்லை, இருக்கவும் கூடாது. 1959-இல் கையெழுத்தாகி 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக ஒப்பந்தத்துக்குச் சுற்றுச்சூழல் துணை ஒப்பந்தம் ஒன்று 1991-இல் மாட்ரிட்டில் உருவாகி, 1998 முதல் செயலில் உள்ளது. அதன்படி, ஒப்பந்த நாடுகளிலிருந்து செல்லும் சிறு பாய்மரப் படகும் தன் நாட்டு அதிகார அமைப்பிடம் பயணத்தால் விளையக்கூடிய பாதிப்புகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். 1970-களில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் மட்டுமே வந்த கண்டத்துக்கு, இப்போது ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் செல்கிறார்கள். 2023-இல் தென் ஜார்ஜியாவை எட்டிய பறவைக் காய்ச்சல் 2024 தொடக்கத்தில் கண்டத்தையும் எட்டிவிட்டது. காலணியில் ஒட்டிய மண்கூடக் கழுவப்பட்ட பின்னரே கரையிறங்க வேண்டிய காலம் இது.

ஏவியன் தீவோ அடேலி பென்குவின்கள் முதலிய பறவைகள் அங்கே இவ்வளவு செறிவாகக் கூடடைகின்றன என்பதற்காகவே சிறப்புப் பாதுகாப்பு பெற்று, இன்று 117-ஆம் எண்ணுள்ள அண்டார்க்டிகச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக இருக்கிறது. அதன் மேலாண்மைத் திட்டத்தில் எடுத்தாளப்படும் பழைய கணக்குகளுள் 1978 நவம்பர்க் கணக்கும் ஒன்று. உரிய அனுமதிச் சீட்டின்றி அந்தத் தீவில் கால்வைக்க இன்று எவருக்கும் உரிமையில்லை. 1978-இல் அங்கே கூடுகளை எண்ணிய தம்பதியருக்கும் அந்த விதியில் விலக்கு கிடையாது.